அரிக்கா பாம் மஞ்சளாவது ஏன்?

வாசகர் கேள்வி, 2021 யூன் 6

எங்கள் வீடு கோண்டாவிலில் உள்ளது. முகப்பில் இரண்டு அரிக்கா பாம் கன்றுகளை நட்டு நான்கு ஆண்டுகள் ஆகின்றன. பயணத் தடையால் வீட்டிலேயே இருப்பதால் இப்போதுதான் அவற்றைக் கவனித்துப் பார்க்கிறேன். ஓலைகள் மஞ்சளாகிக்கொண்டே போகின்றன. மஞ்சளானவற்றை வெட்டி விடுகிறேன். அடுத்த மாதம் வேறு ஓலைகள் மஞ்சளாகின்றன. பனையும் கமுகும் யாருடைய கவனிப்பும் இன்றி வளரும் மண்ணில், அதே குடும்பத்து மரம் ஒன்றுக்கு மட்டும் தனிப் பராமரிப்பு எதற்கு என்பது என் எண்ணம். தண்ணீர்க் குறைவு என்கிறார் அம்மா. வெயில் என்கிறார் பக்கத்து வீட்டு ஐயா. யார் சொல்வது சரி?

2021 யூன் 7

மஞ்சளாவது அடியோலையா, குருத்தை ஒட்டிய புது ஓலையா? இதற்கு விடை தெரியாமல் அம்மாவுக்கோ அயலவருக்கோ தீர்ப்புச் சொல்ல முடியாது. அதுவரை கத்தியை எடுத்து உள்ளே வையுங்கள்.

என் வீடு உரும்பிராயில். 2014 இல் படலையின் இரு பக்கமும் ஒவ்வொரு கன்று நட்டேன். மூன்றாம் ஆண்டிலிருந்து அடியோலைகள் நுனியிலிருந்து மஞ்சளாகி, செம்மஞ்சளாகி, காயத் தொடங்கின. நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முன் வீட்டைத் துப்புரவாக்கும் வழக்கத்தோடு சேர்த்து, ஆண்டுதோறும் ஒரு நாள் மஞ்சள் கண்ட எல்லாவற்றையும் வெட்டி எறிந்தேன். திருவிழாவுக்கு வந்த உறவினர்கள் மரம் துப்புரவாக இருப்பதாகப் பாராட்டினார்கள். 2018 அளவில் ஒவ்வொரு தண்டின் தலையிலும் மூன்று ஓலைகளுக்கு மேல் நிற்கவில்லை. புதிதாக வந்த ஓலையும் முன்னையதைவிடக் குட்டையாக இருந்தது.

நடந்தது இதுதான். மண்ணில் பொற்றாசியம் போதாதபோது பனைக் குடும்பத்து மரங்கள் தம் முதிய ஓலைகளில் உள்ளதை இழுத்துக் குருத்துக்கு அனுப்புகின்றன. மஞ்சளாகிக்கொண்டிருக்கும் அடியோலை அந்த நேரத்தில் குருத்துக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கிறது. அதை வெட்டினால் மரம் அதற்கு மேலே உள்ள ஓலையில் கைவைக்கும். அடுத்த மாதம் அதையும் நீங்கள் வெட்டுவீர்கள். நீங்கள் எழுதியிருக்கும் “வேறு ஓலைகள் மஞ்சளாகின்றன” என்ற வரியைப் படித்தவுடன் என் பழைய பாவம் நினைவுக்கு வந்தது. முற்றாகக் காய்ந்து கபில நிறமான ஓலையை மட்டும் அகற்றுங்கள்.

2021 யூன் 7, இரவு

ஒன்றை விட்டுவிட்டேன். ஓலையின் காம்பும் நடு நரம்பும் மஞ்சளாக இருப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம். வெயிலில் நிற்கும் அரிக்காவுக்கு அது இயல்பான நிறம். அதன் தாவரவியற் பெயரில் வரும் லூற்றெசென்ஸ் என்ற சொல்லுக்கே மஞ்சளாகின்றது என்பதுதான் பொருள். இலைப்பரப்பு மஞ்சளானால் மட்டுமே நமக்கு வேலை.

2021 யூன் 11

கமுகு கவனிப்பின்றி வளர்கிறது என்ற கருத்தை நான் ஏற்கவில்லை. உங்கள் வளவில் கமுகு எங்கே நிற்கிறது என்று பாருங்கள். யாழ்ப்பாணத்தில் கமுகு நிற்கும் இடம் கிணற்றடி. இல்லையென்றால் தண்ணீர் ஓடும் வாய்க்காலின் ஓரம். நாளுக்கு இரண்டு முறை குளிப்பும் கழுவலும் நடக்கும் இடத்தில் நிற்கும் மரத்தை யாரும் தனியாகக் கவனிக்கவில்லை என்பது உண்மைதான், ஆனால் அதற்கு நாளும் தண்ணீர் போகிறது. நம் முன்னோர் கமுகைப் பனங்கூடலுக்கு நடுவே நட்டு, நீயும் பனைதானே, பிழைத்துக்கொள் என்று விட்டுவிடவில்லை.

அரிக்கா பாமின் சொந்த ஊர் மடகஸ்கார். அந்தத் தீவின் ஈரமான கிழக்குப் பகுதியில், மழை ஆண்டு முழுவதும் பரவிப் பெய்யும் இடங்களில் வளர்ந்த மரம் அது. நமக்கோ மழையின் பெரும்பகுதி ஒக்ரோபருக்கும் டிசம்பருக்கும் இடையிலேயே கொட்டித் தீர்ந்துவிடுகிறது. வைகாசி தொடங்கினால் சோளகம் என்னும் வறண்ட தென்மேற்குக் காற்று.

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அரிக்கா என்பது தாவரவியலில் கமுகின் பெயர். இந்த அலங்கார மரம் அந்தப் பேரினத்தைச் சேர்ந்ததே அல்ல. தமிழில் அடைக்காய், மலையாளத்தில் அடைக்கா என்று பாக்குக்கு வழங்கும் சொல்லைப் போர்த்துக்கேயர் எடுத்துப் போய் அரிக்கா ஆக்கினார்கள். அந்தச் சொல் உலகைச் சுற்றி, வேறொரு மரத்தின் கழுத்தில் தொங்கிக்கொண்டு, நாற்றுமேடை வழியாக நம் வீட்டுக்குத் திரும்பி வந்திருக்கிறது. பெயர் தவறு என்றாலும் அதற்குள் ஒரு நல்ல ஆலோசனை ஒளிந்திருப்பதாக எனக்குப் படுகிறது: இதைக் கமுகு என்று எண்ணி வளர்த்தால் பாதிப் பிழைகள் நேராது. பனை என்று எண்ணினால் எல்லாப் பிழைகளும் நேரும்.

2021 யூன் 20

கோண்டாவிலிலிருந்து நீங்கள் அனுப்பிய படங்களைப் பார்த்தேன். மன்னிக்கவும், முதற் குறிப்பில் பொற்றாசியத்தை மட்டும் சொல்லி அவசரப்பட்டுவிட்டேன். வலப்பக்க மரத்தில் அடியோலைகள் மஞ்சளாகியுள்ளன. அது நான் சொன்ன கதை. இடப்பக்க மரத்தில் மஞ்சளாகியிருப்பது புது ஓலை. அதிலும் நரம்புகள் பச்சையாக இருக்க, இடைப்பரப்பு மட்டும் வெளிறியுள்ளது. அது இரும்புக் குறைபாட்டின் முகம். இரும்பை மரத்தால் பழைய ஓலையிலிருந்து புது ஓலைக்கு நகர்த்த முடியாது. ஆகவே குறை முதலில் குருத்துப் பக்கத்தில் தெரியும்.

உங்கள் மண்ணில் இரும்பே இல்லை என்று இதற்குப் பொருள் இல்லை. கோண்டாவில் செம்மண்ணின் சிவப்பே இரும்பால் வந்ததுதான். நாம் நிற்பது சுண்ணக்கற் பாறையின் மேல். நம் கிணற்று நீர் அந்தப் பாறையைக் கரைத்துக்கொண்டு வருகிறது. கேத்திலின் அடியில் படியும் வெள்ளைப் படையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்த நீரை ஆண்டுக்கணக்கில் ஊற்ற ஊற்ற வேரைச் சுற்றிய மண் காரமாகிறது. காரமான மண்ணில் இரும்பும் மங்கனீசும் வேர் உறிஞ்ச முடியாத வடிவத்தில் பூட்டப்பட்டுவிடுகின்றன. சட்டியில் சோறு இருக்கிறது, மூடியைத் திறக்க முடியவில்லை.

ஒரு சிறு சோதனை. மரத்தடி மண்ணில் ஒரு கைப்பிடி எடுத்துக் காயவைத்து அதன்மேல் வினாகிரி விடுங்கள். நுரைத்துச் சீறினால் மண்ணில் சுண்ணாம்பு கலந்திருக்கிறது. என் வலப்பக்க மரத்தடி மண் மெல்ல முணுமுணுத்தது. இடப்பக்க மண் சோடாப் போத்தலைத் திறந்ததுபோல் சீறியது. ஒரே வளவு, இடையில் பன்னிரண்டு அடி. இதற்குக் காரணம் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

2021 யூன் 21

வினாகிரிச் சோதனை சுண்ணாம்பு இருப்பதைக் காட்டும். காரத்தின் அளவைச் சொல்லாது. நேற்று அதைத் தெளிவாக எழுதவில்லை. மேலும், “அப்படியானால் மரத்துக்கு வினாகிரி ஊற்றலாமா” என்று கேட்டவருக்கு: வேண்டாம். அச்சாறு போடுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

2021 யூலை 4

சாம்பல் போடச் சொல்லி மூவர் எழுதியிருக்கிறீர்கள். அடுப்புச் சாம்பலில் பொற்றாசியம் உண்டு; அதனால்தான் நம் பாட்டிமார் அதை மரத்தடியில் கொட்டினார்கள். ஆனால் சாம்பலும் காரம். பொற்றாசியக் குறை உள்ள வலப்பக்க மரத்துக்கு ஒரு கைப்பிடி தூவினால் பெரிய தீங்கில்லை. இரும்பு பூட்டப்பட்டுக் கிடக்கும் இடப்பக்க மரத்துக்குச் சாம்பல் போடுவது பூட்டின்மேல் இன்னொரு பூட்டுப் போடுவதாகும்.

யூரியா போட்டால் பச்சை வரும் என்பதும் அரைகுறை உண்மை. பொற்றாசியம் இன்றி நைதரசனை மட்டும் கொடுத்தால் மரம் வேகமாக வளரும். வளர்ச்சிக்குத் தேவையான பொற்றாசியத்தை அடியோலைகளிலிருந்து இன்னும் வேகமாக இழுக்கும். 2017 இல் நான் செய்தது அதுதான். இரண்டு மாதம் பச்சை, அதன்பின் பழைய மஞ்சள் வட்டியோடு திரும்பியது.

இந்தக் கேள்விகள் எல்லாம் இப்போதைக்கு ஏட்டுச் சுரைக்காய்தான். மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டதிலிருந்து தோட்டக்காரர்களே உரம் கிடைக்காமல் திண்டாடுகிறார்கள். வெங்காயத்துக்குக் கிடைக்காத உரத்தை அழகுக்கு நிற்கும் மரத்துக்குத் தேடுவது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நான் ஆட்டெருவும் குழையும் போடுகிறேன். பூவரசங்குழையைத் தண்டிலிருந்து இரண்டடி தள்ளி ஆழமற்ற கிடங்கில் தாழ்த்தி, மேலே மண் போட்டு, பழைய கிடுகால் மூடிவிடுவேன். வேலி அடைத்த கிடுகு உக்கிப் போனால் எறிய மனம் வராத எனக்கு இது வசதி. உக்கும் குழை மெல்லிய அமிலத்தை விடுகிறது. அது பூட்டைச் சற்றேனும் தளர்த்தும்.

2021 யூலை 9

ஓலையின் ஓரம் அகலமாக மஞ்சளாகி நடுப்பகுதி மட்டும் பச்சையாக நிற்பதாக ஒருவர் எழுதியிருக்கிறார். அது அடியோலையில் என்றால் மகனீசியக் குறை. மகனீசியம் உள்ள எப்சம் உப்பு மருந்துக்கடையில் கிடைக்கும். உப்பு என்ற பெயரைக் கண்டு சமையலறை உப்பைப் போட்டுவிடாதீர்கள். சிரிக்க வேண்டாம், எங்கள் வீட்டில் நடந்திருக்கிறது. தென்னம்பிள்ளை நடும் கிடங்கில் உப்புப் போடும் வழக்கத்தை நினைத்து, மாமியார் சாடியில் நின்ற என் அரிக்காக் கன்றுக்கும் இரண்டு பிடி போட்டார். தென்னை உப்பைத் தாங்கும் மரம். அரிக்கா ஒரே மாதத்தில் எல்லா ஓலை நுனியும் கருகிப் போயிற்று. மாமியாரிடம் நான் எதுவும் சொல்லவில்லை. இன்றும் அவர் அது வெயிலில் கருகியதென்றே நம்புகிறார்.

2021 ஓகஸ்ட் 15

சோளகம் உச்சத்தில் இருக்கிறது. தண்ணீர் பற்றிக் கேட்டவர்களுக்கு ஒன்றாக எழுதுகிறேன்.

நாள்தோறும் மாலையில் ஹோஸைப் பிடித்து ஓலைகளை நனைத்து, மண்ணின் மேற்பரப்பு கறுத்தவுடன் நிறுத்திவிடுவது நம்மவர் வழக்கம். மனத்துக்குக் குளிர்ச்சி, வேருக்கு ஒன்றும் இல்லை. காய்ந்த நம் செம்மண் முதலில் ஊற்றும் தண்ணீரை மேலேயே வைத்துக்கொள்ளும், மறுநாட்காலைக் காற்று அதைக் கொண்டுபோய்விடும். நான் தண்டைச் சுற்றி மூன்றடி அகலத்தில் பாத்தி கட்டி, நான்கு நாளுக்கு ஒருமுறை பாத்தி நிறைய விட்டு, அது சுவறியபின் மீண்டும் ஒருமுறை நிறைக்கிறேன். இரண்டாவது நிறைப்புத்தான் வேருக்குப் போகிறது. பாத்திக்குள் பொச்சு மட்டைகளைக் கவிழ்த்துப் பரப்பியிருக்கிறேன். சென்ற ஆண்டு பொச்சு இல்லாமல் இரண்டு நாளில் காய்ந்த மண், இவ்வாண்டு நான்காம் நாளும் கைவிரலுக்கு ஈரம் காட்டுகிறது.

பனைக்கு யார் தண்ணீர் இறைத்தார் என்று மீண்டும் கேட்கிறீர்கள். பனங்கிழங்கு கிண்டிய எவருக்கும் விடை தெரியும். பனம் விதை முளைக்கும்போது முதல் வேலையாகக் கீழே போகிறது. நாம் தின்னும் கிழங்கு மண்ணுக்குள் ஒரு முழம் இறங்கியபிறகுதான் வெளியே ஓர் ஓலை எட்டிப் பார்க்கும். வடலி தண்டு காட்டுவதற்கு ஆண்டுகள் செல்லும். அரிக்கா விதையோ மேல்மண்ணிலேயே முளைத்து, அங்கேயே வேர்விட்டு, உடனே இலை காட்ட நினைக்கும் அவசரக்காரன். குடும்பம் ஒன்றுதான். சேமித்துவிட்டுச் செலவழிப்பவன் அண்ணன். கிடைப்பதை அன்றே செலவழிப்பவன் தம்பி.

2021 ஓகஸ்ட் 16

என் தம்பி இதைப் படித்துவிட்டுத் தொலைபேசி எடுத்தார். உவமை பொதுவானது என்று விளக்கியிருக்கிறேன்.

2021 ஓகஸ்ட் 29

வீட்டுக் காற்றைத் தூய்மையாக்கும் என்று அரிக்காவைப் படுக்கையறைக்குள் வைத்திருப்பவருக்கு. இந்த நம்பிக்கையின் வேர் 1989 இல் நாசா வெளியிட்ட ஓர் ஆய்வில் இருக்கிறது. அது காற்றுப் புகாமல் அடைத்த சிறு பெட்டிகளுக்குள் செடிகளை வைத்துச் செய்யப்பட்டது. 2019 இல் அத்தகைய ஆய்வுகளை ஒன்றுசேர்த்துக் கணக்கிட்டவர்கள், சன்னல் வழியாக இயல்பாகப் போய்வரும் காற்றுக்கு ஈடுசெய்ய வேண்டுமானால் ஒரு சதுர மீற்றருக்குக் குறைந்தது பத்துச் செடிகளாவது தேவைப்படும் என்று கண்டார்கள். அறைக்குள் உங்களுக்குப் படுக்க இடம் இருக்காது. அழகுக்காக வையுங்கள், மூன்று நாளுக்கு ஒருமுறை விறாந்தைக்கு எடுத்து வெளிச்சம் காட்டுங்கள். திடீரென முழு வெயிலில் வைத்தால் நிழலில் பழகிய ஓலை வெளுத்துக் கருகும்.

2021 நவம்பர் 14

இந்தக் குறிப்பை எழுதச் சற்று வெட்கமாக இருக்கிறது.

மழை தொடங்கியதும், உங்களுடையதைப்போலவே ஓலை வெளிறிய என் இடப்பக்க மரத்தடியில் தண்ணீர் தேங்கி நின்றது. வடியவிடுவதற்காகப் பாத்தியை வெட்டியபோதுதான் தண்டின் அடியைப் பார்த்தேன். அரிக்காவின் அடியில் வேர்கள் மண்ணுக்கு மேலே தடித்து வெளிவருவது வழக்கம். அது எனக்கு அசிங்கமாகத் தெரிந்ததால், ஆண்டுதோறும் ஒரு கடகம் மண்ணைக் கொட்டி மூடி வந்திருக்கிறேன். ஏழு ஆண்டுகளில் ஒரு சாண் உயரத்துக்கு அடித்தண்டு புதைந்திருந்தது. புதைந்த பகுதியில் மண்வாடை இல்லை. அழுகல் வாடை இருந்தது. காற்று எட்டாத வேர் இரும்பு இருந்தாலும் எடுக்காது. யூன் மாதத்தில் கிணற்று நீரின்மேலும் சுண்ணக்கல்லின்மேலும் முழுப் பழியைப் போட்டு நான் எழுதிய பந்தியை இப்போது படித்தால், பாதிப் பழி என்னுடைய கடகத்துக்கு உரியது என்றே தோன்றுகிறது.

மண்ணை மண்வெட்டியால் அள்ளாமல், கையாலும் தண்ணீராலும் கரைத்து அகற்றினேன். வேரும் தண்டும் சேரும் இடம் வெளிச்சத்துக்கு வந்துவிட்டது. அழகில்லைதான். கன்று வாங்குபவர்கள் பைக்குள் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில் நட்டு, அதன்பின் கைகளைக் கட்டிக்கொண்டு இருப்பது நல்லது.

2021 நவம்பர் 28

உர இறக்குமதித் தடை நீக்கப்பட்டுவிட்டது. விலையைக் கேட்டபின் நான் குழைக்கே திரும்பினேன்.

2022 ஏப்ரல் 3

சென்ற வியாழன் பதின்மூன்று மணிநேரம் மின்சாரம் இல்லை. மோட்டர் ஓடாத நாட்களில் வாளியால் அள்ளும் தண்ணீரை எதற்குக் கொடுப்பது என்ற கேள்வி வீட்டில் எழுந்தது. கறிமிளகாய்க் கன்றுகள் வென்றன, அது நியாயமும்கூட. மூன்று வாரமாக அரிக்காக்களுக்கு உடுப்பு அலசிய இரண்டாம் தண்ணீர் மட்டும்தான், சவர்க்காரம் கூடிய முதல் தண்ணீர் இல்லை. நிலத்தில் நிற்கும் இரண்டும் ஓலைகளை மடித்துக்கொண்டு தாங்குகின்றன. விறாந்தைச் சாடிகளில் நின்ற மூன்றில் இரண்டு போய்விட்டன. சாடியில் உள்ள மரத்துக்கு நாம்தான் மழை, நாம்தான் நிலத்தடி நீர். ஒரு நாள் தவறினால் அதற்கு வேறு போக்கிடம் இல்லை.

2022 ஏப்ரல் 17

வேலணையில் இருக்கும் அக்காவுக்கு இரண்டு ஆண்டுக்கு முன் ஓர் அரிக்காக் கன்று கொடுத்திருந்தேன். புத்தாண்டுக்குப் போனபோது அதைக் காணவில்லை.

“தம்பி, நீ தந்தது தண்ணீர் இல்லாமல் சாகவில்லை, தண்ணீர் குடித்துத்தான் செத்தது” என்றார் அக்கா.

அவர்கள் வளவுக் கிணறு உவர். குடிக்கும் தண்ணீரை வெளியிலிருந்து கொண்டுவருகிறார்கள். அரிக்கா உவரைத் தாங்காது என்று தெரிந்த நானே அதைக் கொடுத்தது பெரிய மடமை. தீவுப்பகுதியிலும் வடமராட்சிக் கரையோரத்திலும் இருப்பவர்கள் அலங்காரப் பனை வேண்டுமென்றால் போத்தல் பாமைப் பார்க்கலாம். அடி பருத்துக் கழுத்து ஒடுங்கி நிற்கும் அந்த மரம் உப்புக் காற்றை அரிக்காவைவிட நன்றாகத் தாங்கும், வறட்சியையும் தாங்கும். அதன் சொந்த இடம் மொரீசியஸுக்கு வடக்கே உள்ள வட்டத்தீவு என்ற சிறு எரிமலைத் தீவு. அங்கே கொண்டுபோய் விடப்பட்ட ஆடுகளும் முயல்களும் கன்றுகளை முளைக்கவிடாமல் மேய்ந்ததில், உலகத் தோட்டங்களில் எல்லாம் நிறைந்திருக்கும் இந்த மரம் சொந்த ஊரில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்துபோயிற்று. 1979 இல் கடைசி ஆட்டையும் 1986 இல் கடைசி முயலையும் அகற்றினார்கள். ஆடு கட்டாமல் வளர்க்கும் வேலணை வீட்டுக்காரர்களுக்கு இதைவிட வெளிப்படையாகச் சொல்ல முடியாது. அக்காவின் ஆடுகள் மூன்று. கூடு அடித்துத்தான் நட்டோம்.

2022 மே 2

சேகோ பாம் என்று ஒருவர் படம் போட்டிருக்கிறார். அது பனைக் குடும்பமே இல்லை, சைக்கஸ். நாய் வளர்ப்பவர்கள் கவனம்: அதன் விதை நாய்க்குக் கொடிய நஞ்சு. அரிக்காவில் அந்தப் பயம் இல்லை.

2022 யூலை 24

விறாந்தைத் தரையில் காலை வைத்தால் பிசுபிசுக்கிறது. அரிக்கா ஓலைகளின் மேற்புறம் அடுப்புக்கரி தடவியதுபோல் கறுத்திருக்கிறது. ஓலையைத் திருப்பிப் பார்த்தேன். வெள்ளை ஈ. பக்கத்து வளவுத் தென்னைகளில் உள்ள கூட்டம் இங்கே குடியேறியிருக்கிறது. ஈ சாற்றை உறிஞ்சிவிட்டுத் தேன்போன்ற கழிவை விடுகிறது, அது விழும் இடத்தில் கரும்பூஞ்சணம் படர்கிறது. கறுப்பு நோயில்லை, ஈயின் எச்சில் சட்டி. அதைத் துடைப்பதில் பயனில்லை. ஓலையின் அடிப்புறத்தைத்தான் பார்க்க வேண்டும்.

ஹோஸின் வாயைப் பெருவிரலால் அழுத்தி, அடிப்புறம் முழுவதையும் விசையாகக் கழுவினேன். வாரம் இருமுறை. அதன்பின் சிறிது சவர்க்காரத்தில் வேப்பெண்ணெயைக் கலக்கித் தெளித்தேன். முதல் முறை பகல் பதினொரு மணிக்குத் தெளித்து ஓலையைப் பொசுக்கினேன். வெயில் சாய்ந்தபின் தெளிக்க வேண்டும் என்பதை அந்த ஓலையின் செலவில் கற்றேன். கடும் பூச்சிமருந்து அடிக்கச் சொன்னவர்களுக்கு: ஓலைகளில் கறுத்த சிறு பொறிவண்டுகள் திரிவதைக் கண்டேன், அவை ஈயின் குஞ்சுகளைத் தின்கின்றன. மருந்து முதலில் கொல்வது அவற்றைத்தான்.

2022 டிசம்பர் 12

மாண்டஸ் புயலின் குளிர்காற்றில் வடக்கில் மாடுகள் நூற்றுக்கணக்கில் இறந்து கிடக்கும் நாளில் மரத்தைப் பற்றி எழுத மனம் வரவில்லை. கேட்டவருக்காக ஒரு வரி: கிழிந்த ஓலைகளை வெட்டாதீர்கள், கிழிந்தாலும் அவை பச்சை.

2023 பெப்ரவரி 19

கன்றுகளைப் பிரித்து நடுவது பற்றி. நாற்றுமேடையில் ஒரு சாடியில் புதர்போல் நிற்பது பெரும்பாலும் ஒரு மரம் அன்று. நெருக்கி விதைத்த பத்துப் பதினைந்து நாற்றுகள். அடர்த்தியாகத் தெரிந்தால் விலைபோகும். அவற்றை அப்படியே நட்டால் சில ஆண்டுகளில் ஒன்றையொன்று நெரிக்கின்றன. பிரித்து எல்லாவற்றையும் காப்பாற்றலாம் என்று நான் இருமுறை வேர்ப்பந்தைப் பிய்த்தேன். முதன்முறை ஒன்பதில் ஒன்று பிழைத்தது, மறுமுறை எதுவும் இல்லை. இப்போது வேரைத் தொடுவதில்லை. மெலிந்த நாற்றுகளை நிலமட்டத்தில் சத்தகத்தால் அறுத்துவிடுகிறேன். பனைக் குடும்பத்தில் ஒரு தண்டுக்கு ஒரு குருத்து. அதை அறுத்தால் அந்தத் தண்டின் கதை முடிந்தது. கருவண்டு துளைத்தாலும் அதே முடிவுதான் என்பதால் குருத்துப் பக்கத்தில் விசிறிவெட்டுப் போன்ற வெட்டுகளைக் கண்டால் தாமதிக்க வேண்டாம்.

தண்டில் ஆணி அடித்து விளக்கு வயர் கொழுவியவருக்கும் இங்கேயே சொல்கிறேன். மாமரத்தில் போட்ட காயம் பட்டை வளர்ந்து மூடும். இதில் மூடாது. ஆணி அடித்த ஓட்டை மரம் உள்ளவரை ஓட்டைதான்.

விதையிலிருந்து வளர்ப்பதே எனக்குச் சரிப்பட்டது. மஞ்சளாகிப் பழுத்த காயின் சதையைக் கழுவி, உடனே தும்புத்தூளில் பாதி புதைத்து நிழலில் வைத்தேன். உலரவிட்டவை முளைக்கவில்லை. உலராத இருபதில் பதினான்கு இரண்டு மாதத்துக்குள் முளைத்தன. அவற்றில் ஒன்றை, 2021 இல் நானே எழுதியதை மதித்து, கிணற்றடிக் கமுகுக்குப் பக்கத்தில் நட்டிருக்கிறேன்.

2023 ஏப்ரல் 30

யூன் 2021 இல் பிடிபடாமல் விட்ட கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. பன்னிரண்டு அடி இடைவெளியில் ஒரு மண் முணுமுணுப்பதும் மற்றது சீறுவதும் ஏன்?

மதிலின் ஒரு பகுதியைத் திருத்துவதற்காக மேசன் அலவாங்கு போட்டபோது, இடப்பக்க மரத்துக்கு ஓரடி தள்ளி, சீமெந்துக் கலவைக் கட்டிகள் ஒரு வண்டில் அளவுக்கு வெளியே வந்தன. 2013 இல் மதில் கட்டியபோது மிஞ்சிய கலவையை அங்கேயே கொட்டி மண்ணால் மூடியிருக்கிறார்கள். நான் மறு ஆண்டு அதன்மேல் மரத்தை நட்டு, அதற்குமேல் ஆண்டுதோறும் கடகத்தில் மண் போட்டு, சுண்ணாம்பும் மூச்சடைப்பும் ஒருங்கே கொடுத்து, கிணற்றைக் குறை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். கிணறும் முழு நிரபராதி இல்லை. வலப்பக்க மண் முணுமுணுத்தது அதனால்தான். ஆனால் சீறியது சீமெந்து. கோண்டாவில் நண்பர் தமது இடப்பக்க மரம் மதிலிலிருந்து எத்தனை அடி என்று அளந்து சொல்வாரா?

2023 மே 6

ஒன்றரை அடி என்கிறார். தோண்டிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

2023 மே 21

அவருக்குச் சீமெந்து கிடைக்கவில்லை. பழைய வீட்டின் சுண்ணாம்புச் சாந்து கிடைத்திருக்கிறது, கூடவே ஒரு பித்தளைச் செம்பு. செம்பை அவருடைய அம்மா புளி போட்டு விளக்கி வைத்திருக்கிறாராம்.

2023 யூலை 2

தாவரவியலாளர்கள் அரிக்கா பாமைச் சென்ற ஆண்டு டிப்சிஸ் பேரினத்திலிருந்து எடுத்து, அதன் பழைய பெயரான கிறிசாலிடோகார்பஸுக்கே திருப்பியிருப்பதாக ஒருவர் எழுதியிருக்கிறார். சரிதான். நாற்றுமேடையில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். கன்றைத் தருவதற்கு முன் ஒரு நாற்காலியும் தண்ணீரும் தருவார்கள்.

2023 ஒக்ரோபர் 8

மழைக்கு முந்திய நிலவரம். வலப்பக்க மரத்தில் ஒவ்வொரு தண்டிலும் இப்போது ஆறு ஏழு ஓலைகள் நிற்கின்றன. அடியிரண்டு மஞ்சள், அவற்றை நான் தொடவில்லை. கட்டிகளை அகற்றி மேல்மண்ணும் குழையும் நிரப்பிய இடப்பக்க மரத்தில், பழைய வெளிறிய ஓலைகள் வெளிறியபடியே இருக்கின்றன. அவை இனிப் பச்சையாகா. ஆனால் ஆவணியில் விரிந்த ஓலை முன்னையதைவிடக் கரும்பச்சை, புதிய குருத்து என் முழங்கை நீளத்துக்கு மேல் வந்துவிட்டது. கிணற்றடியில் நட்ட கன்று எவருடைய ஆலோசனையும் இன்றி என் இடுப்பை எட்டிவிட்டது; அதற்கு இதுவரை ஒரு பிடி உரமும் போடவில்லை.

நேற்றுக் காலை வலப்பக்க மரத்தின் அடியோலை ஒன்று, மடலோடு தானாகக் கழன்று படலைக்கு முன்னால் விழுந்து கிடந்தது. வெட்டாமல் விட்ட ஓலை தன் நாளில் தானே விழுந்ததை ஒன்பது ஆண்டில் முதன்முறையாகப் பார்க்கிறேன். நான்காக முறித்து அதே மரத்தின் பாத்தியில் போட்டுவிட்டேன். மனைவி அதைக் குப்பை என்கிறார். திருவிழா முடிந்துவிட்டதால் விவாதம் நீளவில்லை.